ஐசின் தீ விபத்து, 1997: ஒரு வால்வு, ஒரு வெண்டர், 506 மெஷின்

பர்ச்சேஸ்ல இருக்கறவங்ககிட்ட வெண்டரை எப்டி செலக்ட் பண்றீங்கன்னு கேட்டா, மூணு கொட்டேஷன் வாங்குவோம், எல்-ஒன், அதாவது இருக்கறதுலயே கம்மி ரேட்டு, யாருன்னு பாப்போம், ஒரு தடவை ஆடிட் போவோம், ஐஎஸ்ஓ சர்டிஃபிகேட் இருக்கான்னு பாப்போம், பேமென்ட் 60 நாளா 90 நாளான்னு பேசி முடிப்போம்னு சொல்லுவாங்க. அந்த ஆளு அந்த பார்ட்டை எந்த மாதிரி மெஷின்ல, எந்த முறைல செய்றாருங்கறது ப்ரொடக்‌ஷன்காரங்க பாடு, நமக்கெதுக்குன்னு விட்டுருவாங்க. ஆனா யார்கிட்ட வாங்கறோம், அவரு எப்டி செய்றாரு, இது ரெண்டும் ஒரே முடிவுதான், ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கு பிரிச்சுக் கொடுக்கற விஷயமே இல்ல. இதை 1997ல ஜப்பான்ல ஐசின்கற கார் பார்ட்டு கம்பெனில நடந்த தீ விபத்துக் கேஸை விட பளிச்சுனு காட்டற கேஸ் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. எம்பிஏ கிளாஸ்ல இதை நடத்துவாங்க, ஆனா பெரும்பாலும் "சப்ளையரோட நல்ல உறவு வேணும்"னு ஒரு ஸ்லைடோட முடிச்சிருவாங்க. உறவு இருந்துச்சுதான், அது பாதிக் கதை. மிச்சப் பாதி ஷாப் ஃப்ளோர்ல, அதாவது மெஷின் ஓடற இடத்துல, இருக்கு.

முதல்ல பார்ட்

பி-வால்வு, முழுப்பேரு ப்ரொபோர்ஷனிங் வால்வு. ஓடற வண்டில பிரேக்கை அழுத்தி மிதிச்சா வெயிட்டு முன்பக்கம் சாயும், பின் சக்கரம் லேசாயிரும், அந்த நேரத்துல முன்னாடி போற அதே ப்ரஷர் பின்னாடியும் போச்சுன்னா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திரும். பின்பக்கம் போற ஆயில் ப்ரஷரை ஒரு அளவுக்கு மேல முன்பக்கம் ஏறற அளவுக்கு ஏற விடாம மட்டுப்படுத்தறதுதான் இந்த வால்வோட வேலை. பழைய பிக்கப், சின்ன வேன்ல எல்லாம் கை வச்ச மெக்கானிக்குங்களுக்கு பின் ஆக்சில் பக்கத்துல, லோடுக்குத் தகுந்தாப்ல பிரேக் ப்ரஷரை மாத்தற எல்எஸ்பிவி வால்வு தெரிஞ்சிருக்கும், அதே குடும்பம்தான். இப்ப சக்கரம் லாக் ஆகாம தடுக்கற ஏபிஎஸ்ஸோட, பிரேக் ப்ரஷரை எலக்ட்ரானிக்கா பிரிச்சுக் கொடுக்கற இபிடியும் சேந்து வந்துட்டதால நிறைய கார்ல இந்த பார்ட்டே கிடையாது.

சைஸ்னு பாத்தா ஒரு சிகரெட் பாக்கெட் அளவு, விலை சில டாலர்தான். வாங்கற லிஸ்ட்ல கீழ எங்கயோ கிடக்கற ஐட்டம். ஆனா உள்ள இருக்கற துளை, டேப்பர்னு சொல்ற சரிவு, ஃபினிஷ் எல்லாம் படு நுணுக்கம், பிரேக் பார்ட் வேற, "பரவால்ல, ஓட்டிக்கலாம்"னு விட முடியாது. அதுவும் ஒரே டிசைன் கிடையாது, வண்டி மாடலுக்குத் தகுந்தாப்ல நூத்துக்கும் மேல வகை.

ஐசின் செய்கி (2021லேர்ந்து பேரு ஐசின் மட்டும்), டொயோட்டா குரூப் கம்பெனி. 1965ல ரெண்டு கம்பெனி ஒண்ணா சேந்து உருவானது, ஊரு ஐச்சி மாகாணத்துல கரியா. டொயோட்டாவுக்கு வேண்டிய பி-வால்வுல 99 சதவீதம் இவங்ககிட்டேர்ந்துதான் போயிட்டு இருந்துச்சு, மிச்சம் ஒரு சதவீதம் நிஷின் கோக்யோன்னு இன்னொரு கம்பெனி. ஐசின் ஒரு நாளைக்கு எல்லா வகையும் சேத்து 32,500 வால்வு போல போட்டுட்டு இருந்தாங்க, டொயோட்டா தவிர வேற கார் கம்பெனிங்களுக்கும் சேத்து. அந்த மொத்த வால்வும் கரியா நம்பர் ஒன் பிளான்ட்டுங்கற ஒரே கட்டடத்துலேர்ந்து.

டொயோட்டா ஏன் இப்டி மாட்டுச்சு

இங்க ஒரு விஷயம் பலபேரு தப்பா சொல்றாங்க. டொயோட்டான்னாலே ஒரு பார்ட்டுக்கு ஒரு சப்ளையர், வாழ்நாள் உறவுன்னு. அவங்க வழக்கம் உண்மைல கொஞ்சம் வேற. ஒரு மாடலுக்கு ஒரு பார்ட்டை ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்குவாங்க, ஆனா அதே வகை பார்ட்டை இன்னொரு மாடலுக்கு இன்னொருத்தர்கிட்ட கொடுத்து வச்சிருப்பாங்க. ஹெட்லைட்னு வச்சுக்குங்க, இந்த வண்டிக்கு இவரு, அந்த வண்டிக்கு அவரு. ரெண்டு பேருக்கும் முழு வால்யூம் கிடைக்கும், அதனால ரேட் குறையும். அதே சமயம் ஒருத்தர் ஆட்டம் போட்டா அடுத்த மாடல்ல மத்தவருக்குப் போயிரும்னு ஒரு பயமும் இருக்கும். கெட்டிக்கார ஏற்பாடு. ஒரே பார்ட்டை ரெண்டு பேருக்கு 60-40ன்னு பிரிச்சு கொடுத்து ரெண்டு பேரையும் சோர்வாக்கற நம்ம ஊரு பழக்கத்தை விட இது எவ்வளவோ மேல்.

பி-வால்வுல மட்டும் இந்த வழக்கம் கழண்டு போச்சு. யாரும் ஒரு நாள் மீட்டிங் போட்டு "இனிமே எல்லாம் ஐசின்கிட்டயே"ன்னு முடிவு எடுத்த மாதிரி தெரியல. ஐசின் தரம் நல்லாருந்துச்சு, ரேட்டும் யாரும் நெருங்க முடியாத ரேட்டு, புது மாடல் வரும்போதெல்லாம் அவங்களுக்கே போச்சு, அப்டியே 99 ஆயிருச்சு.

அந்த ரேட்டு எங்கேர்ந்து வந்துச்சு? இதுதான் கேஸோட கழுத்து. அந்த பிளான்ட்ல 506 ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின், நம்ம ஆளுங்க எஸ்பிஎம்னு சொல்றது. இந்த வால்வுக்குன்னே கட்டினது, வேற எதுவும் செய்யாது. ஒரு ஸ்டேஷன்ல ஒரு துளை, அடுத்த ஸ்டேஷன்ல டேப்பர், அதுக்கடுத்து இன்னொரு வேலைன்னு பார்ட் நகந்துட்டே போகும். ஸ்பெஷல் டிரில்லு, பார்ட்டைப் புடிச்சு டூலுக்கு வழி காட்டற ஸ்பெஷல் ஜிக்கு, எல்லாமே அவங்களே பல வருஷமா திருத்தித் திருத்தி கொண்டு வந்தது. மெஷினை நிறுத்தி செட்டிங் மாத்தற வேலை ரொம்பக் கம்மி, ஒரு பார்ட்டுக்கு ஆகற நேரம் சொற்பம், ஆளும் கம்மி. இந்த மாதிரி லைனுக்கு வால்யூம் ஏற ஏற ரேட்டு இறங்கிட்டே போகும். அதனால ஒரே இடத்துல குவிக்கறதுதான் கணக்குக்கு சரி. ரெண்டாவது ஒருத்தர் உள்ள வரணும்னா அவரும் அதே மாதிரி எஸ்பிஎம் லைன் போடணும், பாதி வால்யூமுக்கு யாரு போடுவா? அப்ப தயாரிக்கற முறையே வெண்டர் எத்தனை பேருன்னு முடிவு பண்ணிருச்சு, பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் கையெழுத்து மட்டும்தான் போட்டுச்சு.

தீ

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை, விடிகாலை 4:18. கரியா நம்பர் ஒன் பிளான்ட்ல தீ புடிக்குது. காலைல ஒம்பது மணிக்கெல்லாம் பி-வால்வு லைன் கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு, கூடவே கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், டான்டம் மாஸ்டர் சிலிண்டர் லைனும்.

டொயோட்டா பக்கம் ஸ்டாக்குன்னு பாத்தா சில இடத்துல சில மணி நேரத்துக்கு, வழில வர்ற லாரில இருக்கறதெல்லாம் சேத்தா ரெண்டு மூணு நாளுக்கு, அவ்ளோதான். தேவைப்படற நேரத்துக்கு தேவையான அளவு மட்டும் பார்ட்டை வரவழைக்கற ஜஸ்ட் இன் டைம் முறைல அதுதான் வழக்கம். அப்ப டொயோட்டா ஒரு நாளைக்கு சுமாரா 15,000 வண்டி போட்டுட்டு இருந்த நேரம், மார்க்கெட் வேற சூடா இருந்துச்சு, ஃபேக்டரிங்க முழு மூச்சுல ஓடிட்டு இருந்துச்சு. செவ்வாய், புதன்ல ஜப்பான்ல இருந்த அவங்க அசெம்பிளி லைன் கிட்டத்தட்ட எல்லாமே நின்னுருச்சு. சில டாலர் வால்வு இல்லாம.

ஐசின் பண்ண முதல் வேலை, தீ முழுசா அணையறதுக்குள்ளயே ஒரு அவசரக் குழு போட்டது. செல்போன் நூத்துக்கணக்குல, ஸ்லீப்பிங் பேக் நூத்துக்கணக்குல வாங்கிப் போட்டாங்க, ஆபீஸ்லயே படுத்து எழுந்திரிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டாவது வேலைதான் முக்கியம். எங்க கைல இப்ப செய்ய முடியாது, நீங்க செஞ்சு கொடுங்கன்னு டொயோட்டாவோட மத்த சப்ளையருங்க, தங்களோட சப்ளையருங்க, சம்பந்தமே இல்லாத ஆளுங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டு, டிராயிங்கை எடுத்துக் கொடுத்தாங்க. மறைக்கல, யோசிக்கல. பல வருஷம் பாதுகாத்த சரக்கு அது.

ஃபேக்ஸ்ல வந்த டிராயிங்

இப்ப அந்தப் பக்கம் டிராயிங்கை வாங்கின ஒரு ஷாப்பை நினைச்சுப் பாருங்க. புரோகிராம் போட்டா பலவித பார்ட்டையும் வெட்டற மெஷினிங் சென்டர் நாலஞ்சு இருக்கு, வேற எதையோ ஓட்டிட்டு இருக்காங்க. கைல டிராயிங் வந்தாச்சு. டைமென்ஷன் இருக்கு, எவ்ளோ கூடக் குறைய இருக்கலாம்ங்கற டாலரன்ஸ் இருக்கு, மெட்டீரியல் இருக்கு. எந்த ஆபரேஷனை முதல்ல பண்றது, எங்க புடிக்கறது, டேப்பரை எந்த டூல்ல எடுக்கறது, வெட்டின ஓரத்துல பிசிறு (பர்) வந்தா எப்டி எடுக்கறது, இதெல்லாம் டிராயிங்ல இருக்காது. ஐசின் மெஷினுக்குன்னு இருந்த முறை வேற, அது இவங்க மெஷினுக்கு ஒத்து வராது. ஐசின்ல போன் போட்டுக் கேக்கலாம்னா லைன் கிடைக்காது, கிடைச்சாலும் அந்த இன்ஜினியருக்கு எஸ்பிஎம் தெரியும், மெஷினிங் சென்டர்ல இதை எப்டி பண்றதுன்னு அவருக்கும் தெரியாது, அவரு வாழ்க்கைல பண்ணதே இல்லையே. ஸ்பெஷல் டிரில்லும் ஜிக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேணும், அதனால டூல் செய்றவங்கதான் அடுத்த நெரிசல். அப்ப ஒவ்வொரு ஷாப்பும் தானா உக்காந்து தன் மெஷினுக்குத் தகுந்த மாதிரி புது முறை கண்டுபிடிச்சாங்க. ஒருத்தர் கண்டுபிடிச்சதை இன்னொருத்தருக்கு சொன்னாங்க.

முதல் ஆள் ஜெயிச்சது கியோரிட்சு சாங்கியோன்னு ஒரு சின்ன கம்பெனி. தீ புடிச்சு 85 மணி நேரத்துல, அதாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாக்குல, வண்டில போடற தரத்துல 1,000 வால்வு கொண்டு வந்து கொடுத்தாங்க. டொயோட்டா குரூப் பார்ட்டு கம்பெனி டென்சோ மாதிரி பெரிய ஆளுங்க வேற ரூட்டு புடிச்சாங்க. தங்களோட வழக்கமான வேலையை வெளில ஜாப் ஒர்க்குக்குத் தள்ளிவிட்டு, காலியான மெஷின்ல வால்வு ஓட்டினாங்க.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது பிரதர் இண்டஸ்ட்ரீஸ். ஆமா, தையல் மெஷினும் பிரிண்டரும் செய்ற அதே பிரதர். கார் பார்ட்டு செஞ்ச அனுபவமே இல்ல. ஒரு மில்லிங் மெஷினை இந்த வால்வுக்குத் தகுந்தபடி மாத்த 500 மனித-மணி நேரம் செலவு பண்ணாங்க, கடைசில ஒரு நாளைக்கு 40 வால்வு வந்துச்சு. நாப்பது! ஐசின் போட்டது 32,500. பிரதர் மாதிரி 800 கம்பெனி இருந்தாத்தான் ஈடாகும். ரேட்டு கணக்கு போட்டா பைத்தியக்காரத்தனம், எந்த பர்ச்சேஸ் மேனேஜரும் அந்த கொட்டேஷனை தொட மாட்டாரு. ஆனா அந்த வாரம் ஒரு வால்வு இருந்தா ஒரு கார் வெளில போகும், அப்ப ஒரு வால்வோட மதிப்பு ஒரு காரோட லாபம், சில டாலர் இல்ல.

மொத்தமா கணக்கு பாத்தா 62 கம்பெனிங்க நேரடியா வால்வு செஞ்சாங்க, அதுக்கு டூல், மெட்டீரியல், மெஷின்னு உதவி பண்ணவங்க இன்னொரு 150 பேருக்கு மேல. தீ புடிச்ச அடுத்த வாரக் கடைசிலயே ஃபேக்டரிங்க ஓட ஆரம்பிச்சிருச்சு, அதுக்கடுத்த திங்கள் வாக்குல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வண்டி வந்துட்டு இருந்துச்சு. ஐசின் தன்னோட சொந்த லைனை முழுசா நிமித்த மார்ச் கடைசி ஆச்சு. டொயோட்டாவுக்கு போடாம போன வண்டி சுமாரா 70,000, அதுல பெரும்பகுதியை அப்புறம் ஓவர்டைம் போட்டு எடுத்துட்டாங்க.

ஸ்டாக் வச்சிருந்தா?

அப்ப பேப்பர்ல எல்லாம் எழுதினது இதான், ஜஸ்ட் இன் டைம் செத்துப்போச்சு, ஸ்டாக் வச்சிருந்தா இது வந்திருக்காதுன்னு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாக்கலாம். ஒரு வார ஸ்டாக்குன்னா ரெண்டு லட்சத்துக்கு மேல வால்வு, அதுவும் நூத்துக்கும் மேல வகைல சரியான கலவைல. அதை ஐசின் பிளான்ட்லயே வச்சிருந்தா அதுவும் சேந்து எரிஞ்சிருக்கும். வேற இடத்துல வச்சிருந்தா கார் லைன் நின்னிருக்காதுதான், ஒத்துக்கறேன். ஆனா ஐசின் முழுசா எழுந்திரிக்க ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டு மாச ஸ்டாக்கு எந்த மடையனும் வைக்க மாட்டான். ஒரு வார ஸ்டாக்கு பிரயோஜனப்பட்டிருக்கும்னா, அது அந்த 62 பேரு ஒரு வாரத்துல செய்யக் கத்துக்கிட்டதாலதான். அவங்க இல்லன்னா எட்டாவது நாள் அதே இடத்துல வந்து நின்னிருப்பாங்க.

அப்ப காப்பாத்தினது எது? வால்வு செய்ற மெஷின் போனாலும், உலோகத்தை வெட்டறது ஊரெல்லாம் தெரிஞ்ச வித்தை. கரியாவைச் சுத்தி ஓட்ற தூரத்துல நூத்துக்கணக்கான ஷாப், எல்லார்கிட்டயும் மெஷினிங் சென்டர், எல்லாருக்கும் டொயோட்டா முறைல குவாலிட்டி பாக்கத் தெரியும், ப்ராப்ளம் வந்தா எப்டி உக்காந்து பேசறதுன்னு பழக்கம் இருக்கு. எஸ்பிஎம்ல சில செகண்ட்ல முடியற வேலை மெஷினிங் சென்டர்ல பல நிமிஷம் ஆகும், செலவு பல மடங்கு ஆகும், ஆனா முடியும். அந்த "முடியும்"ங்கறதுதான் டொயோட்டாவோட உண்மையான ரெண்டாவது வெண்டர், அது எந்த வெண்டர் லிஸ்ட்லயும் இல்ல.

கோயம்புத்தூர் பக்கம் பம்ப் பார்ட்டு, வால்வு பாடி ஓட்டற ஷாப்புகளைப் பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். எஸ்பிஎம் வச்சிருக்கறவரு ரேட்டுல எல்லாரையும் அடிப்பாரு, ஆர்டர் மாறினா மெஷின் சும்மா நிக்கும். விஎம்சி, அதாவது செங்குத்து மெஷினிங் சென்டர், வச்சிருக்கறவரு ரேட்டு ஜாஸ்தி, ஆனா எதையும் எடுத்துக்குவாரு. பர்ச்சேஸ் ஷீட்ல முதல் ஆளோட லாபம் நம்பரா தெரியும், ரெண்டாவது ஆளோட பலம் எந்தக் காலத்துலயும் தெரியாது.

காசு

விலை பேசாம வேலை எடுத்தாங்கறது இந்தக் கேஸ்ல அடிக்கடி சொல்றது, உண்மைதான். ராத்திரில டிராயிங் வாங்கினவங்க யாரும் ஒரு பீஸுக்கு எவ்ளோன்னு கேக்கல, பர்ச்சேஸ் ஆர்டர் எங்கன்னு கேக்கல. இதை ஜப்பான் கலாச்சாரம், விசுவாசம்னு பெருமையா எழுதுவாங்க. எனக்கு அது அவ்வளவா ஒட்டல. லைன் நின்னா டொயோட்டாவுக்கு மட்டும் நிக்கல, சீட் செய்றவனுக்கும் டயர் செய்றவனுக்கும் சேத்துதான் நிக்குது, ஏன்னா வால்வு இல்லாத காருக்கு சீட்டு வேண்டாம். ஜஸ்ட் இன் டைம்ல எல்லாரும் ஒரே கயித்துல கட்டிக் கிடக்காங்க. அதுக்கு மேல, இன்னைக்கு உதவினா நாளைக்கு கவனிப்பாங்கன்னு பல வருஷ அனுபவம் இருக்கு.

கவனிக்கவும் செஞ்சாங்க. ஆன செலவு, மெஷின் நேரம், ஆள் கூலின்னு ஐசின் கொடுத்துச்சு. அதுக்கு மேல டொயோட்டா தன்னோட முதல் கட்ட சப்ளையருங்களுக்கு ஜனவரி-மார்ச் மூணு மாச விற்பனைல ஒரு சதவீதம் போல கொடுத்துச்சு, மொத்தமா 1,500 கோடி யென் வாக்குல. அவங்க அதுல பங்கை கீழ இருக்கறவங்களுக்குக் கொடுத்தாங்க. பேசாம எடுத்த வேலைக்கு பேசாமயே காசு வந்துச்சு. 90 நாள் பேமென்ட்டை 120 ஆக்கிட்டு, பில்லுல காசைக் கழிக்க டெபிட் நோட் போட்டுட்டு, வெண்டர் டே அன்னைக்கு ஷீல்டு கொடுக்கற கம்பெனிக்கு நடுராத்திரில போன் போட்டா யாரு எடுப்பா?

எல்லா பார்ட்டும் வால்வு இல்ல

இந்தக் கேஸை மட்டும் படிச்சா ஒரு ஆபத்து இருக்கு. என்ன நடந்தாலும் நெட்வொர்க் காப்பாத்தும்னு தோணும். டொயோட்டாவுக்கே அப்புறம் நடந்ததைப் பாத்தா அது எவ்ளோ தூரம் போகும்னு தெரியும்.

2007 ஜூலை 16, நீகாட்டா பக்கம் நிலநடுக்கம். காஷிவாசாக்கில ரிகென்னு பிஸ்டன் ரிங் கம்பெனி, ஜப்பான் கார்ல போற பிஸ்டன் ரிங்ல பாதி அவங்க சரக்கு. டொயோட்டா மட்டும் இல்லாம பல கார் கம்பெனி லைன் நின்னுச்சு. இந்தத் தடவை டிராயிங்கை எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கல. பிஸ்டன் ரிங்ல காஸ்டிங் இருக்கு, கோட்டிங் இருக்கு, டென்ஷன் சரியா வரணும், பக்கத்து ஷாப்ல மெஷினிங் சென்டர் இருக்குங்கறதால நாளைக்கு போட்டுர முடியாது. அதனால என்ன பண்ணாங்கன்னா, ஒருத்தருக்கொருத்தர் போட்டியா இருக்கற கார் கம்பெனிங்க எல்லாம் சேந்து தங்களோட ஆளுங்களை நூத்துக்கணக்குல ரிகென் ஃபேக்டரிக்கே அனுப்பி, சாஞ்ச மெஷினை நிமித்தி லெவல் பாத்து ஓட விட்டாங்க. ஒரு வாரம் போல ஆச்சு. வேலையை வேற கைக்கு மாத்த முடியாதப்ப, அந்தக் கையையே குணப்படுத்தணும்.

2011 மார்ச் 11 பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் ரெனிசாஸ்ங்கற சிப் கம்பெனியோட நாகா ஃபேக்டரி. மைக்ரோகன்ட்ரோலர் சிப். இங்க ரெண்டு வழியும் அடைபட்டுப் போச்சு. சிப்பை வேற ஃபேப்ல (சிப் செய்ற ஃபேக்டரில) போடணும்னா ப்ராசஸை ஒத்துப்போக வைக்கவே மாசக்கணக்கு. ஃபேக்டரியை நிமித்த ஆயிரக்கணக்குல ஆளை அனுப்பினாங்க, அப்பவும் சில மாசம் போச்சு. அதுக்கப்புறம் டொயோட்டா எடுத்த முடிவுதான் சுவாரசியம், ஜஸ்ட் இன் டைம்க்கு பேர் போன கம்பெனி, சிப்புக்கு மட்டும் சப்ளையருங்களை ரெண்டு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் ஸ்டாக் வைக்கச் சொல்லுச்சு. 2021ல சிப் பஞ்சத்துல மத்த கார் கம்பெனிங்க ஆரம்பத்துலயே முட்டி போட்டப்ப டொயோட்டா கொஞ்ச நாள் நின்னது இதனாலதான். நிரந்தரமா நிக்கல, அந்த வருஷம் செப்டம்பர் ப்ரொடக்‌ஷனை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்துச்சு.

ஆக அதே கம்பெனி, மூணு விதமான பதில். வால்வை வேற இடத்துல செஞ்சாங்க, ரிங் செய்ற இடத்தை நிமித்தினாங்க, சிப்பை சேத்து வச்சாங்க. எது எதுக்குன்னு முடிவு பண்ணது பார்ட்டோட விலையும் இல்ல, வெண்டரோட ரேட்டிங்கும் இல்ல, அதை செய்ற முறைதான். ஆகற செலவை வச்சு ஐட்டங்களை ஏ, பி, சின்னு பிரிக்கற ஏபிசி அனாலிசிஸ் போட்டு காசு ஜாஸ்தி ஆகற ஐட்டத்தை மட்டும் கவனிக்கறவங்களுக்கு பி-வால்வு கடைசி, சி கிளாஸ் ஐட்டம், யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

எதிர்ப்பக்கத்துக் கதையும் ஒண்ணு இருக்கு. 2000 மார்ச் 17, அமெரிக்கால ஆல்புகர்க்கில ஃபிலிப்ஸ் சிப் ஃபேக்டரில மின்னல் அடிச்சு பத்து நிமிஷத் தீ. சின்னத் தீதான், ஆனா தூசியே இல்லாத க்ளீன் ரூம்ல புகையும் தண்ணியும் போனா, சிப் செய்ற வேஃபர் தட்டு எல்லாம் குப்பை. நோக்கியா, எரிக்சன் ரெண்டு பேருமே அங்க வாங்கிட்டு இருந்தாங்க. நோக்கியா ஆளுங்க உடனே மேல ஏறி ஃபிலிப்ஸோட மத்த ஃபேக்டரில கெப்பாசிட்டி புடிச்சாங்க, சில சிப்பை வேற இடத்துக்கு டிசைன் மாத்தினாங்க. எரிக்சன் ஒரு வாரத்துல சரியாயிரும்னு சொன்னதை நம்பி உக்காந்துருச்சு, சில பார்ட்டுக்கு வேற சோர்ஸே இல்ல, நஷ்டம் 40 கோடி டாலர் போல. அடுத்த வருஷம் அவங்க செல்போன் பிசினஸ் சோனியோட சேந்துருச்சு, அதுக்கு இது ஒண்ணு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன்.

டிராயிங்கை எவன் கொடுப்பான்

நம்ம ஊர்ல இந்தக் கேஸை பேசும்போது வர்ற நியாயமான கேள்வி ஒண்ணு இருக்கு. ஐசின் தன் டிராயிங்கை 62 பேருக்கு கொடுத்துச்சே, நாளைக்கு அதுல ஒருத்தன் குறைஞ்ச ரேட்டுல டொயோட்டாகிட்ட போனா? இங்க ஒரு வெண்டர்கிட்ட, பார்ட்டை எந்த வரிசைல எப்டி செய்றாருன்னு எழுதின ப்ராசஸ் ஷீட் கேட்டா முகம் மாறும். காரணம் இருக்கு, பர்ச்சேஸ்காரரு அதை வாங்கிட்டுப் போய் அடுத்த ஆளுக்கு காட்டி ரேட்டு குறைச்ச கதை ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணு இருக்கும். அதனால டிராயிங்கைத் தவிர மத்ததெல்லாம் ஃபோர்மேன் தலைக்குள்ளயே இருக்கும், அவரு லீவு போட்டாலே ரிஜெக்‌ஷன் ஏறும்.

கரியால மார்ச் கடைசிக்குள்ள ஐசின் லைன் பழையபடி ஓடிருச்சு, அவசரத்துக்கு செஞ்சவங்க வேலையைத் திருப்பிக் கொடுத்துட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிட்டாங்க. டொயோட்டா அந்த நேரத்துல இன்னொரு ஆளை உள்ள இழுத்து ஐசின் கழுத்தைப் புடிக்கல. கஷ்டத்துல இருக்கறவன் ஆர்டரை பிடுங்க மாட்டோம்னு முன்னாடியே நடத்தைல காட்டி வச்சிருந்ததாலதான் அன்னைக்கு காலைல ஐசின் யோசிக்காம பீரோவைத் திறந்துச்சு. அதே சமயம் ஒரே கட்டடத்துல 99 சதவீதம்ங்கற நிலைமையை அப்டியே விடவும் இல்ல, அதுக்கப்புறம் எந்தெந்த பார்ட்டு ஒரே இடத்துலேர்ந்து வருதுன்னு தேடிப் பாக்கறதும் ரெண்டாவது இடம் ஏற்பாடு பண்றதும் ஆரம்பமாச்சு.

இங்க செய்ய முடிஞ்சது என்னன்னா, வெண்டர் ஆடிட் ஷீட்ல ரெண்டு மூணு வரி சேக்கலாம். இந்த பார்ட்டு எஸ்பிஎம்ல ஓடுதா பொது மெஷின்ல ஓடுதா. எஸ்பிஎம்னா, அதே பார்ட்டை விஎம்சில ஓட்டறதுக்கு ஒரு ப்ராசஸ் எழுதி, பார்ட்டைப் புடிச்சு வைக்கற ஃபிக்ஸ்சர் ஒண்ணு செஞ்சு, அம்பது பீஸ் ஓட்டிப் பாத்திருக்காங்களா. அந்த ஃபிக்ஸ்சருக்கும் டிரையலுக்கும் காசை வாங்கறவன் கொடுக்கணும், வெண்டர் தலைல கட்டக் கூடாது, கட்டினா அவரு பேப்பர்ல மட்டும்தான் செய்வாரு. அந்த ப்ராசஸ் ஷீட் வெண்டர்கிட்டயே, ஆனா வேற கட்டடத்துல இருக்கட்டும், கவர்ல ஒட்டி சீல் வச்சு. எப்பத் திறக்கலாம், திறந்து வேற ஆளு செஞ்சா எத்தனை மாசத்துல ஆர்டர் திரும்பி வரும்னு ரேட் கான்ட்ராக்ட்லயே எழுதிக் கொடுக்கலாம். நம்ம ஊர்ல இந்த கடைசி வரிக்கு சம்மதிக்கற பர்ச்சேஸ் ஹெட்டை கண்டுபிடிக்கறதுதான் ஃபிக்ஸ்சர் செய்றதை விட கஷ்டம்.